மூன்று கதியால்

ஒரு கிண்ணம் தண்ணீர்தான் இருந்தது. அதற்குள் ஒரு முழு முகத்தையும் சவரம் செய்து முடிக்க வேண்டும் என்று குகதாசன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, குசினி மேசையில் சாத்தி வைத்திருந்த கைபேசிக்குள்ளிருந்து அண்ணை மகள் சாம்பவி கத்தினாள். "சித்தப்பா, ஆமி பிடிச்சு வைச்சிருந்து விட்ட எங்கடை காணிக்குள்ளை நிக்கிறம். நில அளவைக்காரர் வந்திட்டார். வேலியும் இல்லை ஒண்டும் இல்லை, எல்லாம் பத்தை. உங்கடை பங்குக்கும் அப்பாவின்ரை பங்குக்கும் நடுவிலை எல்லை எதெண்டு கேக்கிறார். அப்பா சொல்லுறார், குகன் எங்கை காட்டுறானோ அதுதான் எல்லையாம். ஒரு மணிக்கு இவர் சாப்பிடப் போயிடுவார். பத்து நிமிஷத்திலை வீடியோவிலை எடுக்கிறன், யோசிச்சு வையுங்கோ." வெட்டிவிட்டாள். அங்கே யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு தாண்டிவிட்டது. இங்கே இஸ்ரேலில், ஹைபாவில், பத்துக்குக் கொஞ்சம் முன்பு. எங்கை காட்டுறானோ அதுதான். பதினொரு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன், ஒரு தொலைபேசி எடுக்காத மனுஷன், ஒன்றரை முழம் நில வழக்குக்காகக் கோட்டுப் படியில் செருப்புத் தேய ஏறி இறங்கிய மனுஷன், இப்படி ஒரே வாக்கியத்தில் முழுவதையும் தூக்கி மடியில் போட்டுவிட்டால் மற்றவன் அதை எந்தக் கையால் வாங்குவது? ஒரு கையில் சவரக்கத்தி, மற்றக் கையில் அவன் பராமரிக்கிற ஸெலிக் கிழவரின் நாடி. எண்பத்தாறு வயது நாடி, பக்கவாதத்துக்குப் பிறகு இடது பக்கம் கொஞ்சம் சரிந்த நாடி, பதினொரு வருஷமாக நாள் தவறாமல் பிடித்துப் பிடித்து இப்போது தன்னுடைய நாடியைவிட நன்றாகத் தெரிகிற நாடி. நுரையைப் பூசினான். பூசப் பூச அது வேலி அடைக்கிற வேலை மாதிரி இருந்தது. தென்னோலை பின்னிய கிடுகைச் சாத்து, கட்டு, அடுத்ததைச் சாத்து. கிடுகுக்குப் பின்னால் கிளுவைக் கதியால் வரிசை. வெட்டிய தடியை நிலத்தில் ஊன்றினால் வேர்விட்டு மரமாகிற கதியால். ஒவ்வொரு ஆடியிலும் ஒரு விரல்கடை அங்காலோ இஞ்சாலோ நகரும் என்று அயலட்டை எல்லாரும் சொல்லுகிற கதியால். மூன்று கதியால். சீ, அந்த நினைவு இப்போது வேண்டாம். கத்தியை நனைத்தான்.

"உன்ரை கொண்ணனோ?" என்றார் ஸெலிக், உதட்டை அசைக்காமல். அவர்கள் பேசியது எபிரேயம்தான், ஆனால் குகதாசனின் காதுக்கு ஒரு பழக்கம்: எந்தப் பாஷை வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றவைத்து, யாழ்ப்பாணத் தமிழாக்கித்தான் உள்ளே விடும். "மகள்," என்றான். "காணி விட்டிட்டாங்களாம். எல்லை கேக்கினம்." கிழவரின் கண் பளிச்சென்றது. காணிக் கதை என்றால் அவருக்கு மருந்தைவிட நல்லது. சினாய்க் கரையோரம் மணலில் அவர் வைத்திருந்த தோட்டத்தில் ஒரு தக்காளியைத் தூக்க இரண்டு பேர் வேணும். எகிப்திய ஜெனரல் ஒருவர் தொலைநோக்கியால் அந்தத் தக்காளியைப் பார்த்துவிட்டுத்தான் பாலைவனத்தைத் திருப்பிக் கேட்டார். வீட்டை இடிக்க வந்த புல்டோசர் உள்ளே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மெஷினுக்கு மரியாதை கொடுத்து, அது சுற்றி முடியும்வரை நின்றது. இப்படி ஆயிரம். ஆயிரத்தில் உண்மையாக இருக்கக்கூடியது ஒன்றே ஒன்று என்று குகதாசன் கண்டுபிடித்திருந்தான், ஏனென்றால் அதைச் சொல்லும்போது மட்டும் கிழவர் சிரிக்கமாட்டார்: சினாயை எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்த எண்பத்திரண்டாம் ஆண்டு, கடைசி நாள் விடிய, லொறி வாசலில் நிற்க, அவர் தோட்டம் முழுவதுக்கும் தண்ணீர் விட்டார். பின்னேரம் அங்கே ஒன்றும் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும் விட்டார். "ஏன் விட்டனீங்கள்?" என்று ஒருமுறை கேட்டான். "அதுகளுக்குத் தெரியாதே," என்றார். குகதாசன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஷெல் விழ விழச் சயிக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது வெங்காயப் பாத்தியோரக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பட்டையும் கயிறும் போட்டது போட்டபடி கிடந்தது. இரண்டு நாளில் திரும்புவோம் என்றுதான் ஓடினார்கள். இரண்டு நாள் இருபத்தெட்டு வருஷம். காணி விட்டால் கட்டுவோம் என்று தள்ளிவைத்த கலியாணம், தள்ளிவைத்த இடத்திலேயே கிடந்து உக்கிப் போனது. அந்தப் பிள்ளை கனடாவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டாளாம். கத்தி கன்னத்து மேட்டில் இறங்கி வழித்து வந்தது. கிண்ணத்தில் நுரை ஒரு தீவுபோல மிதந்தது. கிட்டத்தில் பார்த்தால் தீவின் நடுவில் வெள்ளை மயிர்கள், வேலி போட்டதுபோல.

"குடு," என்றார் ஸெலிக். "நான் குடுத்தனான். வீட்டோடை குடுத்தனான். முப்பத்தாறு வருஷம், எகிப்துக்காரனோடை ஒரு சண்டை வந்ததோ? குடுத்தால் சமாதானம் வரும். நிக்கும்." குளியலறைக்குள்ளிருந்து இரும்பு இரும்போடு மோதும் சத்தம், பிறகு ஒரு செருமல். குழாய் திருத்த வந்த அத்னான் கழுவுதொட்டிக்குக் கீழே படுத்துக் கிடந்தார். பெரிய வால்வைப் பூட்டி வீட்டுத் தண்ணீரையெல்லாம் நிறுத்தியது அவர்தான். அறுபது தாண்டிய அரபு மனுஷன், கலிலேயப் பக்கத்துக் கிராமத்தான், இந்த வீட்டுக் குழாய்களுக்கு இருபது வருஷ வைத்தியர். "இண்டைக்குத் திங்களோ?" என்று உள்ளிருந்தே கேட்டார். "திங்களும் வியாழனும்தான் ஐயா குடுக்கிற நாள். மற்ற நாளிலை ஒரு பிடி மண்ணும் இல்லை எண்டெல்லோ சொல்லுவார்." "வாயைப் பொத்திக்கொண்டு குழாயைப் பார்," என்றார் கிழவர் சந்தோஷமாக. ஆனால் உண்மை அதுதான். குகதாசனுக்கு இரண்டு ஸெலிக்கையும் தெரியும். ஒரு பிடி மண்ணும் இல்லை என்கிற மற்ற நாள் ஸெலிக்குக்குக் காரணம் மகள் ரோனித். காசாவில் யூதர்கள் கட்டிய குடியேற்றத்தில் வீடு வைத்திருந்தவள். இரண்டாயிரத்து ஐந்தில் அதையும் அரசாங்கம் காலிபண்ணியபோது நாலு பெடியள், சொந்தப் பட்டாளத்துப் பெடியள், அவளைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அவர்களில் ஒருவன் அழுதுகொண்டே தூக்கினான். அன்றைக்குத் தொலைபேசியில் "நானும் குடுத்தனான், நீயும் குடு" என்று தகப்பன் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக இன்றுவரை வெள்ளிக்கிழமை மட்டும் எடுப்பாள், மருந்தைப் பற்றி மட்டும் கேட்பாள். இப்போது அஷ்கெலோனில், காசாவிலிருந்து ரொக்கெற் வருகிற சைரன் கேட்டால் பதுங்குகிடங்குக்கு ஓடுகிறாள். அப்படியென்றால் சினாய்க்கு ஒன்று, காசாவுக்கு ஒன்று. ஒரு முறை குடுத்து நின்றது, ஒரு முறை குடுத்து நிற்கவில்லை. தராசு சரியாக நடுவில் நிற்கிறது. குகதாசன் எத்தனை காலை இந்தத் தராசைத் தூக்கிப் பார்த்திருக்கிறான், பல் துலக்கும்போது, பால் காய்ச்சும்போது. தூக்கும்போதெல்லாம் ஒரு தட்டில் அண்ணை வந்து ஏறி உட்கார்ந்துவிடுவார்.

"காசாவைக் குடுத்தது எண்டு சொல்லாதேங்கோ," என்று அத்னான் உள்ளிருந்து சொன்னார், குரல் தொட்டிக்குள் முட்டி எதிரொலித்தது. "ஆக்களை எடுத்தியள். கடல் ஆரிட்டை? வானம் ஆரிட்டை? வீட்டைக் குடுத்திட்டு வாசலைப் பூட்டித் திறப்பை இடுப்பிலை சொருகி வைச்சிருந்தால் அது என்ன குடுப்பு?" "வாசலைத் திறந்தால் என்ன வரும் எண்டு உனக்குத் தெரியாதோ?" "தெரியும். பூட்டி வைச்சாலும் அதுதான் வருது எண்டும் தெரியும்." "எகிப்துக்காரனோடை மட்டும் எப்பிடிச் சரிவந்தது?" "அவனுக்கு ஒரு நாடு இருந்தது ஐயா. அதிலை ஒரு துண்டைத் திருப்பிக் குடுத்தியள். எங்களுக்கு அந்தத் துண்டுதான் நாடு." கிழவர் தலையைத் திருப்பப் பார்த்தார், குகதாசன் நாடியை இறுக்கிப் பிடித்தான். "அசையாதேங்கோ, வெட்டும்." வாசல், வழி, தண்ணீர். குகதாசனின் ஐயா உயிரோடு இருந்தபோது பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எழுதின காணி உறுதிப் பத்திரம் மனதில் விரிந்தது. நொத்தாரிசின் சாய்ந்த எழுத்து, பன்னிரண்டு பரப்புக் காணியில் ஆளுக்கு ஆறு, அதன்பிறகு அந்தக் கடைசி வரி, யாழ்ப்பாணத்தில் எந்தக் காணியைப் பிரித்தாலும் வருகிற வரி: கிணற்றில் அரைப் பங்கும், அதற்குரிய வழி வாய்க்கால் உரித்தும். நிலத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் கிணற்றை வெட்டேலாது. அதற்குப் போகிற வழியையும், அதிலிருந்து தண்ணீர் ஓடுகிற வாய்க்காலையும் ஒருத்தன் தன் பக்கத்தில் இருக்கிறது என்று அடைக்கேலாது. அந்த வரி இல்லாமல் உறுதி முடித்தால் நொத்தாரிசைப் பைத்தியக்காரன் என்பார்கள். உலகத்து மேசைகளில் வரைபடத்தை விரித்து வைத்துக் கோடு கீறுகிறவர்களுக்கு இந்த வரியை ஆராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருப்பார்கள், அவர்களும் படித்தவர்கள்தானே. சொல்லி, எழுதி, பிறகு ஆர் கதவு, ஆர் காவல் என்பதில் நின்றிருப்பார்கள். அண்ணையும் அவனும் உறுதி கையில் இருந்தும் நின்றதுபோல. உறுதி இருந்தது. வரி இருந்தது. இருந்தும் ஒன்றரை முழம். அப்படியென்றால் பிழை கோட்டில் இல்லை, வரியிலும் இல்லை. பிழை அந்த மூன்று. தண்ணீர் கலங்கிவிட்டது. வலது கன்னம் இன்னும் தொடவேயில்லை.

அத்னான் எழும்பி வந்து குசினி வாசலில் நின்று கையைத் துடைத்தார். "உங்களுக்கு ஒரு கதை சொல்லட்டோ, ஐயாவின்ரை தக்காளி மாதிரி இல்லை. இஞ்சையிருந்து எட்டு கிலோமீற்றர், கார்மெல் மலைச் சரிவிலை, எங்கடை ஊர். இப்ப பைன் காடு. மர மேசை போட்டிருக்கு, சனம் வந்து இறைச்சி சுடும். நான் பிறக்க முன்னமே, நாற்பத்தெட்டிலை, ஊர் போயிட்டுது. ஆனால் சின்னனிலை எங்களுக்கு எங்கை போறதெண்டாலும் பட்டாளத்திட்டை அனுமதிச் சீட்டு வேணும், இவையின்ரை சுதந்திர தினத்திலை மட்டும் வேண்டாம். அண்டைக்குத்தான் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவை கொடி ஏத்த, நாங்கள் ஊர் பார்க்க." குகதாசனின் கத்தி நின்றது. இதே கதைதான். கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஆமி பஸ்ஸில் ஏற்றி, முள்ளுக்கம்பிக்குள் கொண்டுபோய், பின்னேரம் எண்ணி வெளியில் விடுவார்கள். பஸ் யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தும் அவனுடைய பனை எது என்று தெரியாமல் போன ஒரு வைகாசி. அண்ணையும் அதே பஸ்ஸில்தான், நாலு இருக்கை தள்ளி. அவரும் எட்டி எட்டித்தான் பார்த்தார். "வீடெல்லாம் கல்லாய்ப் போச்சு," என்றார் அத்னான். "கிணறு மட்டும் இருக்கு. இரும்பு மூடி போட்டு ஒட்டியாச்சு. மூடியிலை இவ்வளவு சின்ன ஓட்டை ஒண்டு. அப்பா அதுக்குள்ளாலை ஒரு கல்லைப் போடுவார். சத்தம் வருமட்டும் ஒருத்தரும் மூச்சுவிடக்கூடாது. வந்தால் அப்பா தலையை ஆட்டுவார், வீட்டை வருவம். அவ்வளவுதான் எங்கடை திருவிழா." ஸெலிக் கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார், மெல்ல, ஒரு பொய்யும் கலக்காமல்: "நாளைக்கு ஒரு கோடு போட்டு மேற்குக் கரையையும் காசாவையும் உங்கடை ஆக்களிட்டைக் குடுத்தால், அந்தக் கிணறு எந்தப் பக்கம் வரும்?" "உங்கடை பக்கம்." "அப்ப உனக்கு அது போதாது, காணாது." "எனக்குக் காணாது. அங்கை இருக்கிற என்ரை மச்சானுக்குக் காணும், பிள்ளையளோடை சோதனைச்சாவடியிலை நிக்காமல் ஒரு நாள் வேலைக்குப் போவான். குடுங்கோ. வேண்டாமெண்டு சொல்லுற அளவுக்கு நான் பணக்காரன் இல்லை. ஆனால் குடுக்கிறம் எண்டு சொல்லாதேங்கோ." "பின்னை என்னெண்டு சொல்லுறது?" "எடுத்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ." "சொன்னால் அடுத்தது ஹைபா எண்டு கேக்கமாட்டியோ?" "கேப்பன். வாயாலை கேப்பன். காலாலை வரமாட்டன்." "எனக்கு ஏழு வயசிலை போலந்திலை ஒரு வீடு போனது," என்றார் ஸெலிக். "அது சமாதானத்துக்குக் கேட்டது இல்லை. சும்மா எடுத்தவை. அண்டைக்கும் முதல் வாயாலைதான் கேட்டவை." அத்னான் ஈரத் துணியைத் தோளில் போட்டபடி அங்கேயே நின்றார், போகவும் இல்லை, வரவும் இல்லை.

எடுத்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ. வலது கன்னத்தில் நுரை பூசிய விரல் அந்த வாக்கியத்தில் சிக்கிக்கொண்டது. எண்பத்தொன்பதாம் ஆண்டு, ஒரு மத்தியானம், அண்ணை சந்தைக்குப் போயிருந்தார், அண்ணி கோயிலில். குகதாசனுக்கு இருபத்துநாலு வயது, நாலு பாத்தி கூட வைத்தால் ஒரு மோட்டார் சயிக்கிள் வாங்கலாம் என்கிற வயது. கிணற்றுக்குத் தெற்கே மூன்று கதியாலைப் பிடுங்கி ஒரு முழம் அண்ணையின் பக்கம் தள்ளி ஊன்றினான். மூன்றே மூன்று. வேர்வை கண்ணில் எரிந்தது. நாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மாரி முடியப் பார்த்தால் வேலி திரும்பி வந்திருந்தது. திரும்பி வந்ததும் அல்லாமல் இவன் பக்கம் ஒன்றரை முழம் ஏறி நின்றது. வழக்குப் போட்டது ஆர்? குகதாசன். சத்தியம் செய்தது ஆர்? குகதாசன். அதற்குள் ஆமி வந்து இரண்டு பேரையும் கலைத்து, வேலியையும் பிடுங்கி, வீட்டையும் இடித்து, வெங்காயப் பாத்திக்கு மேலே முகாம் போட்டது. நம்பினால் நம்புங்கள், அதன்பிறகும் வழக்கு நடந்தது. ஒருத்தரும் காலடி வைக்கமுடியாத காணியில், இல்லாத வேலியின் ஒன்றரை முழத்துக்கு, அகதிகளாக இருந்த இரண்டு பேர் தவணைக்குத் தவணை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கோட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பது குடும்பத்துக்கு நடுவில் இருந்தபோதும், இரண்டு பேருக்கும் இடையில் கட்டிய அண்ணியின் நூல்சேலையை ஆர் ஒரு சாண் இழுத்தது என்று சண்டை வந்தது. பிறகு ஆளுக்கொரு வாடகை அறை, ஆளுக்கொரு ஊர். தவணை நாளில்தான் காண்பது. அண்ணை மரத்துக்கு அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம். தலை நரைத்திருக்கிறது, இருமுகிறார், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறார், ஆராவது சொல்லலாமே. இங்கே வந்தபிறகு தவணையும் இல்லை, அண்ணையும் இல்லை. இப்போது எல்லையைக் காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. முடிந்தால் அண்ணையை எங்கே காண்பது? சமாதானமாகப் போனவர்கள் ஒருவரையொருவர் தேடிப்போக என்ன காரணம் இருக்கிறது? அந்த இருமலைக் கேட்க வேணும் போல இருந்தது. ஒரு தரம்.

கைபேசி துடித்தது. திரையில் முதலில் வானம், பிறகு பத்தை, பிறகு சாம்பவியின் வேர்த்த முகம். "சொல்லுங்கோ சித்தப்பா, அளவைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார்." "அப்பா எங்கை?" "அங்காலை, பனைக்குக் கீழை. கிட்ட வரமாட்டாராம். நீங்கள் காட்டினால் காணுமாம்." பனைக்குக் கீழே ஒரு சின்ன உருவம், தலையில் துவாய். இவ்வளவு சின்னதாகவா போய்விட்டார்? "கிணறு நிக்குதோ?" "பத்தைக்குள்ளை ஒரு கட்டு இருக்கு." "அதுதான். அதின்ரை நட்டநடுவிலை இருந்து நேர றோட்டுக்குப் பிடிக்கச் சொல்லு. ஐயா பிரிச்சது அப்பிடித்தான்." சொன்னதும் பனைக்குக் கீழிருந்து உருவம் அசைந்தது. நடுக் கிணறு என்றால் இவன் வழக்குப் பேசிய எல்லையைவிடக் குறைவு என்று அவருக்குத் தெரியும். "எனக்கென்ன பிச்சை போடுறானோ?" என்று தூரத்தில் ஒரு குரல். கரகரப்பாக, இருமலோடு. குகதாசன் கிழவரின் கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டான். "பிச்சை இல்லை அண்ணை," என்றான், கைபேசிக்கு என்று நினைத்துக் கத்தினான், குசினியே அதிர்ந்தது. "நான்தான் எடுத்தனான். முதல்லை நான்தான் மூண்டு கதியாலைப் பிடுங்கி உங்கடை பக்கம் நட்டனான். பிறகு நானே வழக்கும் போட்டனான்." பத்தைக்குள் காற்று அடிக்கிற சத்தம். சாம்பவியின் வாய் திறந்தபடி. பிறகு துவாய் கிட்டக் கிட்ட வந்து திரை முழுவதும் நிறைந்தது: குழிவிழுந்த கண், பல் போன வாய். "தெரியுமடா, மொக்கா! மூண்டையும் தலைகீழாயெல்லோ நட்டு வைச்சிருந்தனி! அடி எது நுனி எது எண்டு தெரியாத கமக்காரன். மாரி பெய்தும் ஒண்டு தளிர்க்கேல்லை. வேலி முழுக்கப் பச்சை, நடுவிலை மூண்டு பட்ட தடி. நாய்க்கும் தெரியும் அது உன்ரை வேலையெண்டு. அந்தக் கோபத்திலைதான் ஒண்டரை முழம் தள்ளினனான். அது களவுதான், என்ரை களவு." "அப்ப கோட்டிலை ஏன் சொல்லேல்லை?" அண்ணை இருமினார். நீளமாக இருமினார். "சொன்னால் வழக்கு முடிஞ்சிருக்குமெல்லோ," என்றார், "நீயும் வராமல் விட்டிருப்பாய்."

ஸெலிக் ஒரு கன்னம் நுரையோடு அவன் சட்டையை இழுத்தார். "என்னவாம்?" "ஏசுறார்." "அப்ப நல்லாத்தான் போகுது," என்றார் கிழவர். அங்கே அதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டது. கிணற்றின் நடு என்றால் கட்டின் நடுவா, தண்ணீரின் நடுவா என்று அண்ணை அளவைக்காரரைப் பிடித்துக்கொண்டார். மூன்று கதியால் நட்டது எண்பத்தெட்டா எண்பத்தொன்பதா, அதற்கு முதல் வருஷம் ஆடியில் ஒரு விரல்கடை தள்ளியது ஆர் என்று இவனும் இங்கிருந்து கேட்கத்தான் வாய் எடுத்தான், கேட்டிருந்தால் பின்னேரம்வரை போயிருக்கும். வாசலில் ஈரத் துணியோடு நின்ற அத்னானைக் கண்டான். "பிள்ளை," என்றான் சாம்பவியிடம், "எல்லையைப் பிறகு பார்ப்பம். ஒரு கல்லு எடு. நல்ல பாரமாய். கிணத்துக்கட்டிலை போய் நிண்டு, போனைக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு, கல்லைப் போடு." "எதுக்கு சித்தப்பா?" "ஆமி தூர்த்தவங்களோ இல்லையோ எண்டு பார்க்க வேணும். போடு." என்ன செய்யப்போகிறான் என்று அத்னானுக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாமலே விளங்கிவிட்டது, மேசைக்குக் கிட்ட வந்து கைபேசியின் பக்கம் குனிந்தார், குழாய்க்குக் காது வைக்கிறவர் குனிகிற மாதிரி. ஸெலிக்கும் குனிந்தார். திரையில் அண்ணையின் கை, நரம்பு ஓடிய கை, மகளிடமிருந்து கல்லைப் பிடுங்கிக்கொண்டு கட்டுக்கு மேலே நீண்டது. விட்டது. ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் நுரை வெடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. இருபத்தெட்டு வருஷம் இறைக்காத கிணறு, பட்டையும் கயிறும் போட்டபடி விட்ட கிணறு, ஒருவேளை மண்ணால் நிறைத்து, ஒருவேளை. அத்னான் கண்ணை மூடியபடி ஒரு விரலை உயர்த்தினார். "விழுந்திட்டுது," என்றார், மற்றவர்களுக்குக் கேட்க முன்பே. "தண்ணி இருக்கு. ஆழத்திலை. ஆனால் இருக்கு." பிறகுதான் குகதாசனுக்கும் கேட்டது, யாழ்ப்பாணத்துக்கு அடியிலிருந்து, கார்மெல் மலைக்கு அடியிலிருந்து, ஒரு சின்ன 'க்ளுக்'. அண்ணை தலையை ஆட்டினார். அத்னானும் ஆட்டினார். ஸெலிக் மட்டும், ஒரு கன்னம் வழித்தும் ஒரு கன்னம் நுரையுமாக, இன்னும் மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.